மீசை வைத்த மீன்

முப்பத்தொன்று. இல்லை, முப்பது. வாலுக்கு நாலு செதில் முன்னால் வரும்போது எப்போதும் கண் வழுக்கிவிடுகிறது, முழு நைட் பார்த்த கண், எட்டு மணி நேரம் மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் அறுந்த இழையைத் தேடித் தேடி ஒட்டிய கண், அதற்கு இந்தக் காலை வெளிச்சமே அதிகம். மலைக்கனி குண்டூசி முனையைத் திரும்பவும் மீனின் செவுளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். மடியில் வெள்ளைத் தட்டு, தட்டில் விரலின் இரண்டு கணு நீளத்துக்கு அந்த மீன், மூன்று மாதமாக மருந்துத் தண்ணீரில் கிடந்து வெளுத்த மீன். உயிரோடு இருந்தபோது செவுளிலிருந்து வால்வரைக்கும் ஒரு கருங்கோடு, அதன் மேல்விளிம்பில் ஜரிகை ஓட்டினதுபோல ஒரு பொன்கோடு. இப்போது கருப்பு மட்டும்தான் இருக்கிறது. பொன் மூன்றாம் நாளே போய்விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதரைக்குப் பியூலா மேடம் வந்துவிடுவார். கல்லூரியில் மீன்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர், எந்த மீனைக் காட்டினாலும் அதன் குலம் கோத்திரம் சொல்லத் தெரிந்தவர், திருநெல்வேலிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி, அடிவாரத்து செக்போஸ்டில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்து இந்த ஓடைக்கு வருகிறார், இவனைப் பார்க்க. இவனையா பார்க்க வருகிறார், மீனின் மீசையைப் பார்க்க வருகிறார். பதினொன்று, பன்னிரண்டு. மீசை. வாயின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, மயிரிழை போல, வெள்ளையாக, கீழ்ப்பக்கம் வளைந்து. படத்தில் அவ்வளவு தெளிவாக இருந்தது. துணியில் இழை எண்ணுகிற மடக்குக் கண்ணாடியைப் போனுக்கு முன்னால் பிடித்து, மூச்சை அடக்கி எடுத்த படம். மூச்சை அடக்கினதில் இருமல் வந்து, அடுத்த படத்தில் மீனே இல்லை, தட்டின் விளிம்புதான் இருந்தது. அதற்கடுத்த படங்கள் எடுக்கிறபோது மீசையும் இல்லை. ஒடிந்திருக்கும். செத்த உடம்பில் எது முதலில் ஒடியும், மெல்லிசாக இருக்கிறதுதானே ஒடியும். இருபது, இருபத்தொன்று. இருபத்தொன்றா, இருபத்திரண்டா.

விட்டுவிடலாம், அவரே எண்ணிக்கொள்வார். ஆனால் கை விடமாட்டேன் என்கிறது, அறுந்த இழையைக் கண்டுவிட்டு ஒட்டாமல் போகத் தெரியாத கை. "அண்ணாச்சி, நீங்க அனுப்புன படத்துல வாயோரத்துல தெரியுறது மீசையா இருந்தா, இது இதுவரைக்கும் யாரும் எழுதி வைக்காத மீனு. இந்தக் கூட்டத்துல எதுக்கும் மீசை கிடையாது பாத்துக்கோங்க." மேடம் போனில் அனுப்பிய அந்தக் குரலை எத்தனை முறை கேட்டிருப்பான், முதலில் கேட்டபோது 'இருந்தா' என்பது தனியாக, ஒரு கல்லைத் தடுக்கினதுபோலக் கேட்டது, கேட்கக் கேட்க அந்தக் கல் தேய்ந்துபோய் மீசை, யாரும் எழுதாத மீன், இவ்வளவுதான் மிஞ்சியது. மில்லில் திருமேனியிடம் மட்டும் சொன்னான், அதே ஷிப்டில் அடுத்த ஃபிரேம் பார்க்கிறவன், நாக்கில் ஊசி வைத்திருக்கிறவன். மறுநாள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிட்டது. "என்ன மீன் டாக்டரு, உங்க மீனுக்கு ஆதார் கார்டு வந்துருச்சா?" "மீசை வச்ச மீனுன்னா ஆம்பள மீனா இருக்கும்யா, பொஞ்சாதி எங்கன்னு தேடு." இதைச் சொன்ன பிறகு திருமேனி நாக்கைக் கடித்துக்கொண்டான், டீயை அவனே வாங்கிக்கொடுத்தான். எட்டாவதோடு நின்றவன் இப்படி ஆங்கிலப் புத்தகத்தைப் போனில் இறக்கி, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, செதில் வரிசை, செவுள் மூடி, குதத் துடுப்பு என்று நோட்டில் எழுதுகிறான் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. நோட்டு நாலு ஆகிவிட்டது. முழு நைட் முடிந்து தகரக்கூரை வீட்டில் பகலில் படுத்தால் உடம்பு வேகும், தூக்கம் வராது, வந்தாலும் ஃபிரேம் ஓடுகிற சத்தம் தலைக்குள் நிற்காது. அதனால்தான் இந்த மருத மரத்தடிக்கு வர ஆரம்பித்தான். மனைவி இருந்தபோது இருவரும், அவள் போன பிறகு இவன் மட்டும். சும்மா கிடக்கிறவன் தண்ணீரைப் பார்ப்பான். தண்ணீரைப் பார்க்கிறவன் மீனைப் பார்ப்பான். அது எல்லா இடத்திலும் நிற்காது. ஓட்டம் வேகமாக இருக்கும் கல்லிடுக்கில் நிற்காது, ஆழமாகக் குழி விழுந்த கசத்திலும் நிற்காது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஒரு மூச்சு நின்று போகிற இடத்தில், மணல் தரைமேல் மருத இலை நாலைந்து மக்கிக் கிடக்க வேண்டும், நிழல் இருக்க வேண்டும், அங்கேதான், ஓட்டத்துக்கு எதிர்முகமாக, ஒரே இடத்தில் வாலை ஆட்டியபடி. அப்படி ஓர் இடம் இந்த ஓடையில் மூன்றே மூன்று. தை மாதம் எண்ணியபோது பதினேழு, இப்போது பதினொன்று. வெயில் ஏற ஏற மூன்று இடம் ஒன்றாகும்.

"புதுசுன்னா பேரு யாரு மேடம் வைப்பாங்க?" அன்றைக்கு இதைக் கேட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "நாமதான் அண்ணாச்சி. நான் எழுதுவேன், நீங்க சொல்லலாம்." "பொம்பளப் பேரு வைக்கலாமா?" "தாராளமா. வீட்ல யாரு பேரு?" வேலுத்தாய் என்று சொல்வதற்கு என்ன, ஐந்தே எழுத்து, தெருவில் நின்று ஆயிரம் தரம் கத்தியிருக்கிறான், தண்ணி வந்துருச்சு வேலுத்தாய், கதவைப் பூட்டினியா வேலுத்தாய். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. பார்ப்போம் மேடம் என்று வைத்துவிட்டான். பார்க்க என்ன இருக்கிறது. பெயர் ஓர் இடத்தில் எழுதப்பட்டால் அது நிற்கும், எழுதப்படாவிட்டால் நிற்காது. அவளுடைய பெயர் எழுதப்பட்ட தாள் ஒன்று வீட்டில் இருக்கிறது, ட்ரங்க் பெட்டியில், சேலைக்கு அடியில். வேலுத்தாய், வயது நாற்பத்தொன்று, தொழில் இல்லத்தரசி. பதினோரு வருஷம் வேஸ்ட் காட்டன் குடோனில் உட்கார்ந்து, மில் கழித்துப் போட்ட பஞ்சைக் கையால் பிரித்து உதறி, நல்லது கெட்டது பொறுக்கினவள். திங்கட்கிழமை காலையில் நெஞ்சை யாரோ மிதிக்கிறாப்ல இருக்கு மச்சான் என்பாள், சனிக்கிழமை சரியாகிவிடும், மறு திங்கள் திரும்பவும். பஞ்சுல வேலை செஞ்சா இருமத்தான் செய்யும், எனக்கு இல்லையா என்று சொன்னது யார். குடோன் வேலைக்குச் சேர்த்துவிட்டது யார். இறப்பைப் பதிகிற ஆபீசில் எழுதுகிற பையன் தலையைச் சொறிந்துகொண்டே, "அண்ணே, குடோன்ல கான்ட்ராக்ட் ஆளுங்க பேரு எந்த ரெஜிஸ்தர்லயும் இருக்காது, என்னன்னு போட? பொதுவா இப்படித்தான் போடுறது" என்றான். என்னத்தால் இறந்தாள் என்று கேட்ட இடத்தில் மூச்சுத்திணறல் என்றிருந்தது, பஞ்சு என்று எங்கேயும் இல்லை. எல்லோரும் மூச்சுத் திணறித்தானே சாகிறார்கள். பேனாவை அந்தப் பையன் நீட்டிக்கொண்டே இருந்தான், பின்னால் வரிசை நின்றது, மலைக்கனி கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து. இப்போதும் அந்தத் தாளில் அது இருக்கிறது, இல்லத்தரசிக்கு நேர் கீழே.

மணி எட்டே முக்கால். பாட்டிலைப் பார்க்க வேண்டும். மேடம் வந்ததும் கண்ணாடிக்குள் உயிர்மீனைக் காட்ட வேண்டும் என்று ஏழரைக்கே ஊறுகாய் பாட்டிலில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு, பாறைக்குப் பின்னால் வாயைக் கீழ்நீருக்குத் திருப்பிப் புதைத்திருந்தான். இதை மூன்று மாதத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை. ஒன்றைக் கொன்றது போதும் என்று நினைத்தான், அதுவும் உண்மைதான், அந்த ஒன்று வேட்டித் துணியில் துள்ளி அடங்க எடுத்துக்கொண்ட நேரம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. ஆனால் கொல்லாமலும் பார்த்திருக்கலாமே. பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டிருக்கலாமே. பத்து நிமிஷ வேலை. வேண்டாம் என்று எது சொன்னது. தண்ணீரில் இறங்கினான், கணுக்காலைச் சில்லென்று பிடித்தது, பாட்டிலின் வாயை உள்ளங்கையால் பொத்தி எடுத்தபோது உள்ளே மூன்று. மூன்று பொன்கோடு. உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பொன், சாவு இவ்வளவையும் எங்கே கொண்டுபோய் வைக்கிறது. பாறையில் உட்கார்ந்து பாட்டிலை வெளிச்சத்துக்குப் பிடித்து மடக்குக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தான். ஒன்று பக்கவாட்டில் வந்து நின்றது, கறுத்த விழி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், மேல்நோக்கித் திறக்கிற சின்ன வாய், வாய் திறக்கிறது, மூடுகிறது. வாயோரம் வழவழவென்று இருந்தது. ஒன்றும் இல்லை. கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தான். இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது நிற்காமல் சுற்றியது, அதற்கு இருக்கலாம், ஒருவேளை பெரிய மீனுக்குத்தான் முளைக்குமோ, ஒருவேளை முட்டையிடுகிற பருவத்தில் மட்டுமோ, தவளைக்கு வால் போகிறதே அதுபோல, ஒருவேளை இந்த மூன்றும் வேறு கூட்டமோ. மூன்றாவது நின்றது. அதற்கும் இல்லை. ஓட்டத்தோடு போகிற வழியில் எங்கேயாவது உரசி ஒடிந்து. மூன்றுக்குமா. இரண்டு பக்கமுமா. மார்புக்குள் ஒரு பெல்ட் இறுகுகிறதுபோல இருந்தது, திங்கட்கிழமைகூட இல்லை இன்றைக்கு, புதன். இருமல் வந்தது. குனிந்து இருமினான், நன்றாக, தலை அதிர இருமினான்.

இருமி நிமிர்ந்தபோது தண்ணீரின்மேல் பஞ்சு மிதந்தது. தலையிலிருந்து விழுந்திருக்கும், புருவத்திலிருந்து, சட்டைக் காலரிலிருந்து, மில்லுக்காரனை எங்கே உலுக்கினாலும் பஞ்சுதான் உதிரும், குளித்தாலும் காதுக்குள் இருக்கும். நாலைந்து பிசிறு, பாறைக்குப் பின்னால் தண்ணீர் மூச்சு நின்று போகிற அந்த இடத்துக்கு மெதுவாகச் சுழன்று போனது. பாட்டிலில் சிக்காத எட்டு மீன்களில் ஐந்தாறு குபுக்கென்று மேலே வந்தன. பூச்சி என்று நினைத்திருக்கும். ஒன்று கவ்வியது, துப்பியது. இன்னொன்று கவ்விக் கீழே இறங்கித் திரும்பவும் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்றுகொண்டது, அதன் வாயில் இழை குறுக்கே மாட்டியிருந்தது, இந்த ஓரத்தில் ஒரு முனை, அந்த ஓரத்தில் ஒரு முனை, வெள்ளையாக, மயிரிழை போல, கீழ்ப்பக்கம் வளைந்து. மலைக்கனி அசையாமல் பார்த்தான். படத்தில் இருந்ததே, அதேதான். அது தலையை இரண்டு தரம் உதறியது, இழை போய்விட்டது, வெறும் மீன் நின்றது. அப்போதுதான் வேலுத்தாயின் சிரிப்பு கேட்டது, கேட்டதென்றால் காதில் இல்லை, தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னாலிருந்து. "மச்சான், இங்க வந்து பாருங்களேன், மீசை வச்ச மீனு." இதே பாறை. குடோனிலிருந்து நேரே வந்து, கொண்டையை அவிழ்த்து, தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு அலசுவாள், நரைத்தவள் தலையிலிருந்து நரை கழன்று போகிறதுபோலப் பஞ்சு கழன்று மிதக்கும், கறுப்பு முடி மேலே வரும். மீன்கள் மொய்க்கும். "எங்க ஊரு ஏட்டையா மாதிரியே இருக்கு பாருங்க. ஏ ஏட்டையா, நில்லும்யா." இவன் மரத்தடியில் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தான், தூக்கம் கெட்ட எரிச்சலில், சரி சரி என்றான், எழுந்து வந்து பார்க்கவில்லை. எத்தனை நாள் சொன்னாள். மீசை வச்ச மீனு, மீசை வச்ச மீனு. பார்க்காமலேயே அது மனசில் போய் உட்கார்ந்துகொண்டது, இந்த ஓடையில் ஒரு மீனுக்கு மீசை உண்டு என்று, சின்ன வயதில் தெரிந்துகொண்ட சங்கதியைப்போல, யார் சொன்னது என்பதே மறந்துபோகிற அளவுக்கு. அதனால்தான் படத்தில் வெள்ளையாக ஒன்றைப் பார்த்தபோது என்ன அது என்று கேட்கத் தோன்றவில்லை. இதோ இருக்கிறதே என்றுதான் தோன்றியது. இருபத்து மூன்று வருஷமாகப் பஞ்சில் கிடக்கிறவனுக்குப் பஞ்சு இழையைத் தெரியவில்லை. அவள் தலையில் இருந்தது, அவள் நெஞ்சுக்குள் இருந்தது, கடைசி மாதம் பால் டம்ளரின் விளிம்பில்கூட இருந்தது, இவனுக்குத் தெரியவில்லை.

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்பது இருபது. இப்படிச் செய்யலாம். மூன்றையும் விட்டுவிடலாம். மேடம், காலையிலிருந்து பார்க்கிறேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை, தண்ணீர் குறைந்ததில் மேலே போய்விட்டன போல. அவர் நம்புவார். படம் இருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் அண்ணாச்சி என்பார். அடுத்த வருஷம் வரைக்கும் அந்த 'இருந்தா' இருக்கும், அதற்கடுத்த வருஷமும் இருக்கும், ஒருவேளை அவர் ஓய்வு பெறும் வரைக்கும். இல்லாத மீனாக இருந்தால்தான் என்ன, வேலுத்தாய் என்று ஒரு மீன் இருக்கலாம் என்று உலகத்தில் ஒரே ஒருத்தர் நோட்டில் எழுதிவைத்திருந்தால் போதாதா. பாட்டிலைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தான். மீன்கள் வாயருகே கூடின. அந்தப் பக்கம் காய்ந்த சருகில் செருப்புச் சத்தம்.

"அண்ணாச்சி, மலைக்கனி அண்ணாச்சிதானே? போன்ல குரலக் கேட்டு இன்னும் வயசானவரா நெனச்சேன்." ஐம்பதைத் தொட்ட அம்மாள், பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகி, தோளில் பெரிய பை, மூக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்குகிறது. "செக்போஸ்ட்ல எங்க போறீகன்னு கேட்டான், மீனுக்கு மீசை பாக்கன்னேன். என்னைய ஒரு மாதிரிப் பாத்தான்." சிரித்தார். தான் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்திருப்பதை மலைக்கனியே அப்போதுதான் பார்த்தான். நீட்டினான். மடக்குக் கண்ணாடியையும் நீட்டினான்.

"மீசை இல்ல மேடம்."

அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து மூன்றையும் பார்த்தார், அவசரப்படாமல், ஒவ்வொன்றும் திரும்புகிற வரைக்கும் காத்திருந்து. பிறகு தட்டில் கிடந்த மீனைப் பார்த்தார்.

"அப்ப படத்துல இருந்தது?"

"பஞ்சு. நான் மில்லுக்காரன்லா. மீனு கவ்விருக்கு, வாயில குறுக்க மாட்டிக்கிட்டு. உங்கள அலைய விட்டுட்டேன்."

"அலையுறதுதான் சோலி." பாறையில் இவனுக்கு எதிரே உட்கார்ந்து பையை இறக்கினார். முகத்தில் ஏமாற்றம் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை, மலைக்கனிக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது. "இது சாதாரணமா மலையடியில எல்லா ஓடையிலயும் இருக்கிற மீனுதான் அண்ணாச்சி. எழுதி வச்சு ரொம்ப காலமாச்சு." பிறகு, "பேரு ஒண்ணு யோசிச்சு வச்சிருந்தீங்களே" என்றார்.

"அது கெடக்கு மேடம்."

தண்ணீர் பாறையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. செத்த மீனை வீணாக்க வேண்டாம், கல்லூரியில் அலமாரியில் வைக்கலாம், இந்த ஓடையிலிருந்து இதுவரை ஒரு மீனும் அங்கே இல்லை என்றார். நனைந்தாலும் கிழியாத ஒரு சின்னத் தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்துப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். மீனின் பெயர், எழுதினார். தேதி கேட்டார், கார்த்திகையில் பிடித்தது, சொன்னான். பிடித்தவர், மலைக்கனி. தண்ணீர் எப்படி, தரை எப்படி என்று கேட்டார். மணல், மருத இலை, பாறைக்குப் பின்னால் ஓட்டம் குறைகிற இடம், காலை பத்து வரைக்கும் நிழல் என்று இவன் சொல்லச் சொல்ல எழுதினார்.

"இந்த ஓடைக்கு என்ன பேரு? மேப்ல வெறும் கோடுதான் இருக்கு."

பென்சில் தாளில் நின்றது. மலைக்கனி அந்த முனையைப் பார்த்தான். இந்த முறை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் எழுதிவிடுவார். வேலுத்தாய் ஓடை. மலையில் எத்தனை ஓடைக்கு அப்படிப் பெயர், யார் வந்து கேட்கப்போகிறார்கள். பேனா ஒன்று முன்பும் இப்படித்தான் நின்றது, என்னன்னு போட என்று, பின்னால் வரிசை நின்றது. இங்கே பின்னால் யாரும் இல்லை.

"பேரு கிடையாது மேடம். ஓடைன்னுதான் சொல்றது."

எழுதிக்கொண்டார். தாளின் அடியில் ஒரு வரி இடம் மிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டு மடிக்கப் போனவரை மலைக்கனி கை காட்டி நிறுத்தினான்.

"அங்க ஒண்ணு எழுதணும் மேடம். பிடிச்சப்ப அது வாயில பஞ்சு இருந்துச்சுன்னு."

நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையே அண்ணாச்சி."

"இருந்துச்சு மேடம். படம் இருக்கு."

அவர் குனிந்து, பென்சிலை எச்சில் தொட்டு, எழுதினார். மலைக்கனி படித்துக் காட்டச் சொன்னான்.

"வாயில் பஞ்சு இழை இருந்தது."

"இன்னொரு தரம்."

படித்தார். அவன் கேட்டுக்கொண்டே பாட்டிலைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தான். மூன்றில் இரண்டு உடனே போய்விட்டன. ஒன்று மட்டும் வாயருகே வந்து, ஓட்டத்துக்கு எதிர்முகமாகத் திரும்பி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.